வாடகை வீட்டின் இரண்டாவது பெட்ரூம்: ஈம்ஸ் தம்பதி மரத்தை வளைத்த கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

இன்னிக்கு கதையை ஒரு நாற்காலியில இருந்து ஆரம்பிக்கலாம்.

நீங்க ஏதாவது ஒரு கஃபேல உட்கார்ந்து இதைக் கேட்டுட்டு இருந்தா, சுத்தி ஒரு தடவை பாருங்க. கிண்ணம் மாதிரி வளைஞ்ச வெள்ளை பிளாஸ்டிக் இருக்கை, கீழே நாலு மரக்கால், காலுக்கு நடுவுல குறுக்கும் நெடுக்குமா கறுப்புக் கம்பி. அப்படி ஒரு நாற்காலி அங்கே இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. கோ-வொர்க்கிங் ஆபீஸ்ல, சலூன்ல, டென்டிஸ்ட் கிளினிக்ல எல்லாம் அதைப் பார்த்திருப்பீங்க. பெரும்பாலும் நகல்தான். அசல் 1950-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. வடிவமைத்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும்: சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ்.

அந்த நாற்காலிக்குப் பின்னாடி ஒரு அபார்ட்மென்ட் இருக்கு. வாடகை அபார்ட்மென்ட். அதன் கூடுதல் பெட்ரூமில் இவர்கள் ஒரு இயந்திரம் கட்டினார்கள். எனக்கு இந்தக் கதை ஏன் இவ்வளவு பிடிச்சுதுன்னா, எங்க வேளச்சேரி வீட்டில் ஓனர் போட்ட முதல் கண்டிஷனே "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது" என்பதுதான். நாங்க காலண்டரையே ஃப்ரிட்ஜ் மேல சாய்ச்சு வெச்சிருக்கோம்.

பெயின்டரும் ஆர்க்கிடெக்டும்

சார்லஸ் 1907-ல் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர், ஆர்க்கிடெக்ட். ரே 1912-ல் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில் பிறந்தவர், பெயின்டர். நியூயார்க்கில் ஹான்ஸ் ஹாஃப்மன் என்ற புகழ்பெற்ற ஓவிய ஆசிரியரிடம் பயின்றவர். இருவரும் சந்தித்தது 1940-ல், மிச்சிகனில் உள்ள கிரான்புரூக் கலைப் பள்ளியில். சார்லஸ் அங்கே இண்டஸ்ட்ரியல் டிசைன் துறைக்குத் தலைவராக இருந்தார்.

அதே சமயத்தில் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம், அதாவது மோமா, வீட்டு உபயோகப் பொருள்களுக்கு ஒரு டிசைன் போட்டி நடத்தியது. சார்லஸும் அவருடைய நண்பர் ஈரோ சாரினனும் சேர்ந்து பிளைவுட் நாற்காலிகளை வரைந்து அனுப்பினார்கள். வரைபடங்களையும் மாதிரிகளையும் தயாரித்துக் கொடுத்தவர்களில் ரேயும் ஒருவர். பரிசு கிடைத்தது. ஆனால் அந்த நாற்காலியை வரைந்த மாதிரி ஃபேக்டரியில் செய்ய முடியவில்லை.

இதை ஒரு எஞ்சினியரா கொஞ்சம் விளக்கிடறேன். மெல்லிய மரத்தாளுக்கு வெனீர்னு பேர். அதை ஒன்றின்மேல் ஒன்றாக, நாரின் திசையைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றிப் பசை போட்டு ஒட்டினால் பிளைவுட். அதை ஒரே பக்கமா வளைக்கிறது பிரச்சினையில்லை. வாழை இலையைச் சுருட்டுற மாதிரிதான். ஆனா அதே இலையை ஒரு கிண்ணத்துக்குள்ள வெச்சு அழுத்திப் பாருங்க. ஒண்ணு கிழியும், இல்லன்னா மடியும். அதனாலதான் தொன்னை செய்யறவங்க மடிச்சு ஈர்க்குச்சி குத்தறாங்க. மனுஷ உடம்புக்கு ஏத்த இருக்கை கிட்டத்தட்ட ஒரு கிண்ணம். அதாவது மரம் ரெண்டு பக்கமும் வளையணும். அங்கேதான் விரிசல் விழுந்தது. போட்டிக்காகச் செய்த நாற்காலிகளில் அந்தக் குறைகளை மறைக்க மேலே துணி போர்த்த வேண்டியதாயிற்று.

1941 ஜூனில் சார்லஸும் ரேயும் சிகாகோவில் கல்யாணம் செய்துகொண்டு லாஸ் ஏஞ்சலஸுக்குப் புறப்பட்டார்கள். தீராத அந்தப் பிரச்சினையும் கூடவே வந்தது.

காசாம்!

லாஸ் ஏஞ்சலஸின் வெஸ்ட்வுட் பகுதியில் ஸ்ட்ராத்மோர் அபார்ட்மென்ட்ஸ் என்ற குடியிருப்பு இருக்கிறது. வியன்னாவில் இருந்து வந்து அமெரிக்காவில் பெயர் வாங்கிய ரிச்சர்ட் நொய்ட்ரா 1937-ல் கட்டியது. மலைச்சரிவில் தோட்டத்துக்கு நடுவே படியேறிப் போனால் வெள்ளை வெள்ளையாய் வீடுகள். பெரிய ஜன்னல்கள், நிறைய வெளிச்சம். அமைதியா வாழறதுக்காகக் கட்டின வீடு. அங்கே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். பிடித்ததும் கூடுதல் பெட்ரூமை வொர்க்‌ஷாப் ஆக்கிவிட்டார்கள்.

அந்த அறையில் அவர்கள் கட்டிய இயந்திரத்துக்கு வைத்த பெயர் "காசாம்!". மேஜிக் ஷோவில் மந்திரம் போடும்போது சொல்வார்களே, அந்தச் சொல்.

அது எப்படி வேலை செஞ்சதுன்னு சொல்றேன். மரப்பலகைச் சட்டத்துக்குள் வளைவான ஒரு பிளாஸ்டர் அச்சு. அச்சுக்குள் மின்சாரத்தில் சூடாகும் கம்பிச் சுருள்கள். அதன்மேல் பசை தடவிய வெனீர் தாள்களை அடுக்க வேண்டும். மேலே ஒரு ரப்பர் பை. இயந்திரத்தை இறுக்கி மூடிவிட்டு, சாதாரண சைக்கிள் பம்ப்பால் அந்தப் பைக்குள் காற்றடிக்க வேண்டும். பை உப்பும், மரத்தை அச்சோடு சேர்த்து அழுத்தும். அச்சின் சூட்டில் பசை இறுகும். அதுக்குச் சில மணி நேரம் ஆகும். காற்று குறைஞ்சா மறுபடி பம்ப். கடைசியில் திறந்து, ஓரங்களைக் கைரம்பத்தால் அறுத்து, உப்புத்தாள் போட வேண்டும். விரிசல் விட்டிருந்தால் மறுபடி முதலில் இருந்து.

கம்பிச் சுருள்கள் கரண்டைக் குடித்துத் தள்ளின. வீட்டு இணைப்பு தாங்காமல், சார்லஸ் வெளியே இருந்த மின்கம்பத்தில் ஏறி டிரான்ஸ்ஃபார்மரில் இருந்தே கரண்ட் எடுத்தார் என்று ஒரு கதை ரொம்ப காலமாகச் சொல்லப்படுகிறது. வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்!

பகலில் சார்லஸுக்கு எம்.ஜி.எம். சினிமா ஸ்டூடியோவில் செட் டிசைன் வேலை. அங்கிருந்து பசையும் மரமும் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். ஆபீஸ் ஸ்டேஷனரியை வீட்டுக்குக் கொண்டு வர்ற எல்லாருக்கும் இவர்தான் முன்னோடி. பகல் முழுக்க அந்த இயந்திரத்தோடு வீட்டில் இருந்தவர் ரே. இரவிலும் வார இறுதியிலும் இரண்டு பேரும். இதற்கு நடுவில் 'ஆர்ட்ஸ் அண்ட் ஆர்க்கிடெக்சர்' பத்திரிகைக்கு ரே தொடர்ந்து அட்டைப்படங்களும் வடிவமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

உடைந்த காலுக்கு ஒரு தப்பை

அதற்குள் அமெரிக்கா போரில் இறங்கிவிட்டது. ராணுவ மருத்துவத்தில் இருந்த ஒரு நண்பர் இவர்களிடம் ஒரு பிரச்சினையைச் சொன்னார். போர்க்களத்தில் கால் உடைந்தால் உலோகத் தப்பை வைத்துக் கட்டுகிறார்கள். ஸ்ட்ரெச்சரைத் தூக்கி நடக்கும்போது உலோகம் அதிர்ந்து, அந்த அதிர்வே காயத்தை மோசமாக்குகிறது. நம்ம ஊர் புத்தூர்க்கட்டுல மூங்கில் தப்பை வெச்சுக் கட்டறது ஞாபகம் வருதா? கிட்டத்தட்ட அந்த இடத்துக்குத்தான் இவர்களும் வந்து சேர்ந்தார்கள். மரத்திலேயே தப்பை செய்யலாம்.

சார்லஸ் தன் காலையே பிளாஸ்டரில் அச்செடுத்தார். கால் என்பது எல்லாப் பக்கமும் வளைவு. பிளைவுட்டுக்கு அதைவிடக் கஷ்டமான பரீட்சை கிடையாது. விடை என்ன தெரியுமா? ஓட்டைகள். மரம் எங்கே இழுபட்டு வெடிக்குமோ அங்கெல்லாம் முன்கூட்டியே பிளவும் துளையும் விட்டார்கள். இழுவிசை குறைந்தது, மரம் வெடிக்காமல் வளைந்தது. கட்டுத்துணியைக் கோத்து இறுக்கவும் அதே துளைகள் பயன்பட்டன. ஒரே ஓட்டைக்கு ரெண்டு வேலை. கோட் எழுதறவங்களுக்கு இதுல ஒரு தனி சந்தோஷம் இருக்கும்.

1942-ல் அமெரிக்கக் கடற்படை முதலில் 5,000 தப்பைகளுக்கு ஆர்டர் கொடுத்தது. பெட்ரூமில் 5,000 செய்ய முடியாது. எனவே வேலை வீட்டை விட்டு வெளியேறியது. முதலில் ஒரு சின்ன வாடகை இடம், பிறகு 1943-ல் வெனிஸ் பகுதியில் 901, வாஷிங்டன் புலவார் என்ற முகவரி. போர் முடிவதற்குள் சுமார் 1,50,000 தப்பைகள் தயாராகிவிட்டன. 901 என்ற அந்த இடம் கடைசி வரைக்கும் ஈம்ஸ் அலுவலகமாகவே இருந்தது.

தப்பையில் கற்ற பாடம் நாற்காலிக்குத் திரும்பியது. இருக்கையையும் முதுகையும் ஒரே துண்டாகச் செய்தே தீருவது என்ற பிடிவாதத்தைக் கைவிட்டார்கள். இருக்கைக்கு ஒரு துண்டு, முதுகுக்கு ஒரு துண்டு, இடையே ரப்பர் வட்டு வைத்து இணைப்பு. மரத்தால் முடிந்த அளவுக்கு மட்டும் மரத்தை வளைத்தார்கள். 1946 வாக்கில் சந்தைக்கு வந்த அந்தத் தாழ்வான பிளைவுட் நாற்காலியைத்தான், 1999-ல் டைம் பத்திரிகை அந்த நூற்றாண்டின் சிறந்த டிசைன் என்று தேர்ந்தெடுத்தது.

பெயர்ப்பலகையில் ஒரே பெயர்

இப்ப வர்றதுதான் எனக்கு இந்தக் கதையில் முக்கியமான இடம்.

1946-ல் மோமா இந்த நாற்காலிகளைக் கண்காட்சியாக வைத்தது. தலைப்பு: சார்லஸ் ஈம்ஸ் வடிவமைத்த புதிய மரச்சாமான்கள். ரேயின் பெயர் அதில் இல்லை. அலுவலகத்தில் கூடவே உழைத்த மற்றவர்களின் பெயர்களும் தலைப்பில் இல்லை. அந்தக் குழுவில் இருந்த ஹாரி பெர்டோயா பிரிந்துபோனார். பின்னால் கம்பி வலை நாற்காலிகள் செய்து தன் சொந்தப் பெயரில் புகழ் பெற்றார். பெர்டோயாவால் கதவைத் திறந்துகொண்டு போக முடிந்தது. ரேவுக்கு அது வேலை செய்யும் இடம் மட்டுமில்லையே, வீடும் அதுதான்.

பத்து வருஷம் கழித்தும் இது மாறவில்லை. 1956-ல் அவர்களுடைய பிரபலமான லவுஞ்ச் சேரை என்.பி.சி. தொலைக்காட்சியில் அறிமுகப்படுத்தினார்கள். அந்த வீடியோ இன்னிக்கும் இணையத்துல கிடைக்குது. தொகுப்பாளர் முதலில் சார்லஸிடம் பேசுகிறார். பிறகு ரே வருகிறார், கணவருக்கு உதவி செய்கிற மனைவியாக. தொகுப்பாளரும் ஒரு பெண்தான். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. அந்தக் காலத்தில் அப்படித்தான் பேசினார்கள், அவ்வளவுதான். ஆனா ரே சிரிச்சுக்கிட்டே நிக்கிற அந்தச் சில நொடிகளை நான் ரெண்டு மூணு தடவை திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பகல் முழுக்க அந்த பெட்ரூமில் இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவர் அவர்தானே?

வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் ஒரு முற்றம்

அபார்ட்மென்ட்டில் எட்டு வருஷம் வாழ்ந்த பிறகு, தங்களுக்கென்று ஒரு வீடு கட்டினார்கள். ரே அட்டைப்படம் போட்டாரே, அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் ஜான் என்டென்ஸா, 1945-ல் 'கேஸ் ஸ்டடி ஹவுஸ்' என்று ஒரு திட்டம் அறிவித்தார். போருக்குப் பிந்தைய காலத்துக்கான மாதிரி வீடுகள். அதில் 8-ஆம் எண் வீடு ஈம்ஸ் வீடு. அந்த வீட்டுக்கான தேவையே இப்படித்தான் எழுதப்பட்டது: கணவன், மனைவி இருவரும் டிசைன் வேலை செய்பவர்கள், கூடவே வாழும் குழந்தைகள் இல்லை, வாழ்க்கையும் வேலையும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

கவனிச்சீங்களா? கணவனின் ஆபீஸ் ரூம், மனைவியின் சமையலறைன்னு இல்லை. வேலை செய்யும் இரண்டு பேருக்கான வீடு. கண்காட்சித் தலைப்பில் கிடைக்காத இடம் வீட்டின் பிளானில் கிடைத்தது.

பசிபிக் பாலிசேட்ஸில் கடலைப் பார்த்த ஒரு புல்வெளி. முதலில் சார்லஸும் சாரினனும் போட்ட பிளான், மலைச்சரிவில் இருந்து பாலம் மாதிரி நீட்டிக்கொண்டு புல்வெளியின் மேல் நிற்கும் வீடு. போருக்குப் பிந்தைய தட்டுப்பாட்டில் இரும்பு வந்து சேர வருஷக்கணக்கில் ஆனது. அந்தக் காத்திருப்பில் சார்லஸும் ரேயும் அங்கே போய் உட்கார்ந்து, சாப்பிட்டு, அந்தப் புல்வெளியையே காதலிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எதை ரொம்பப் பிடிச்சுதோ அதன் தலையிலேயே வீட்டைக் கட்டப் போறோம்னு உறைத்தது. பிளானை மாற்றினார்கள். வீட்டைத் திருப்பி, மலையோரமாக, யூகலிப்டஸ் மரங்களின் வரிசைக்குப் பின்னால் ஒதுக்கினார்கள். ஏற்கனவே ஆர்டர் செய்த இரும்பையே பயன்படுத்தினார்கள். கூடுதலாக ஒரே ஒரு உத்திரம்தான் தேவைப்பட்டது என்று சொல்வார்கள்.

ஃபேக்டரி கேட்டலாக்கில் கிடைக்கும் ஜன்னல், இரும்புச் சட்டம், கூரைத் தகடு எல்லாம் வைத்து 1949-ல் வீடு எழுந்தது. இரண்டு பெட்டிகள். ஒன்று சுமார் 1,500 சதுர அடி வீடு, இன்னொன்று சுமார் 1,000 சதுர அடி ஸ்டூடியோ. ரெண்டுக்கும் நடுவில் திறந்த முற்றம். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் குடிவந்தார்கள்.

அந்த முற்றத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன். அபார்ட்மென்ட்டில் படுக்கைக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான். பசை வாசனையோடுதான் தூங்கியிருப்பார்கள். அப்படி வாழ்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது: வேலை பக்கத்திலேயே இருக்கணும், ஆனா வேலைக்குப் போக வானத்துக்குக் கீழே பத்து அடியாவது நடக்கணும். வொர்க் ஃப்ரம் ஹோம் பண்ற நம்ம எல்லாருக்கும் இது புரியும். லேப்டாப்பை மூடறதும் வேலையை முடிக்கறதும் ஒண்ணு இல்லை.

ஒரு செம்பு

இந்தக் கதைக்கு இந்தியாவோடும் ஒரு தொடர்பு உண்டு. இந்திய அரசின் அழைப்பில், ஃபோர்டு ஃபவுண்டேஷன் உதவியோடு இருவரும் வந்து நாடு சுற்றிப் பார்த்து, 1958-ல் 'தி இந்தியா ரிப்போர்ட்' எழுதினார்கள். அதன் விளைவாக 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியது. நம்ம ஊர் டிசைனர்கள் பேசும்போது அடிக்கடி காதில் விழுமே, என்.ஐ.டி., அதுதான்.

அந்த ரிப்போர்ட்டில் இந்தியாவில் பார்த்தவற்றிலேயே மிக அழகான பொருள்களில் ஒன்றாக அவர்கள் சொல்வது லோட்டாவை. நம்ம செம்பு. இதை ஒருத்தர் உட்கார்ந்து டிசைன் செய்யணும்னா எதையெல்லாம் யோசிக்கணும்னு ஒரு பட்டியலே போடுகிறார்கள். எவ்வளவு தண்ணீர் பிடிக்கணும், கைக்கு எப்படி இருக்கணும், இடுப்பில் வைத்தால் எப்படி, ஊற்றும்போது எப்படி, விலை என்ன என்று போகிறது. கடைசியில், இதை ஒரு தனி மனிதர் வடிவமைத்திருக்க முடியாது, தலைமுறை தலைமுறையாகப் பலர் சேர்ந்து செய்தது என்கிறார்கள்.

ரிப்போர்ட்டின் மேல் இரண்டு பெயர்களும் இருக்கின்றன.

சார்லஸ் 1978 ஆகஸ்ட் 21-ல் இறந்தார். அதன்பின் அலுவலகத்தின் வேலைகளை ஒழுங்குபடுத்தி, ஆவணப்படுத்துவதில் ரே இறங்கினார். சரியாகப் பத்து வருஷம் கழித்து, 1988-ல் அதே ஆகஸ்ட் 21-ல் அவரும் இறந்தார். வீடு இன்றும் நிற்கிறது. 2025 ஜனவரியில் பசிபிக் பாலிசேட்ஸை எரித்த காட்டுத்தீயிலும் தப்பிவிட்டது.

எங்க வீட்டு இரண்டாவது பெட்ரூம்

இந்த எபிசோடுக்குப் படிக்க ஆரம்பிச்சப்போ, "இடம் முக்கியமில்லை, ஒரு பெட்ரூம் இருந்தாலே போதும், பெரிய வேலை செய்யலாம்"னு ஊக்கமா முடிக்கலாம்னு நினைச்சிருந்தேன். இப்போ அப்படி முடிக்க மனசு வரல.

எங்க வீடு 2 பெட்ரூம். இரண்டாவது பெட்ரூம் என்னோடது. ரெண்டு மானிட்டர், மைக், சுவரில் ஒட்டாமல் சாய்த்து வைத்த ஃபோம், எல்லாம் அங்கே. என் மனைவி குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரையறவ. அவ வேலை செய்யறது டைனிங் டேபிளில். ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குப் பெயின்ட், தட்டு, ஈரம் காயாத பேப்பர் எல்லாத்தையும் எடுத்து வைப்பா, சாப்பிட்டு முடிச்சதும் மறுபடி விரிப்பா. மூணு வருஷமா இப்படித்தான். நாங்க யாரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணல. எனக்கு கால் இருக்கும், கதவு வேணும், அவ்வளவுதான் காரணம். 1946-ல் மோமாவிலும் யாரும் கெட்ட எண்ணத்தோடு முடிவு பண்ணியிருக்க மாட்டாங்க.

இன்னொண்ணும் சொல்லணும். இந்த பாட்காஸ்ட்டின் 2-வது எபிசோடில் இருந்து எடிட் பண்றது அவதான். நான் இழுக்கிற இடத்தையெல்லாம் வெட்டறது அவதான். 41 எபிசோட் ஆச்சு, கடைசியில் நான் படிக்கிற கிரெடிட்ஸில் ஒரு தடவைகூட அதைச் சொன்னதில்லை.

போன வாரம் இதை அவகிட்ட சொல்லி, "இனிமே பேரைச் சொல்லிடறேன்"னு கொஞ்சம் பெருமையாவே சொன்னேன். அவ ஹெட்போனைக்கூடக் கழட்டல. "பேரை அப்புறம் பார்த்துக்கலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அந்த ரூமை எனக்குக் குடு"ன்னா.

அதனால இந்த எபிசோடை நான் டைனிங் டேபிளில் உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவில் கேட்ட குக்கர் விசில் அதுதான். இந்த விசிலை வெட்டலாமா வேண்டாமான்னு உள்ளே கதவைச் சாத்திக்கிட்டு இருக்கிறவங்க முடிவு பண்ணுவாங்க.